உங்கள் பீக்கரில் இருக்கும் தண்ணீர் எங்கள் தொட்டியில் இல்லை: பினாங்கு ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் தண்ணீரிலிருந்து கன உலோகங்களைப் பிடிக்கும் கலப்புப் பொருள்களைச் செய்துகொண்டிருக்கும் பேராசிரியர்களுக்கும், அவர்களிடம் முதுகலையும் முனைவர் பட்டமும் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம்.

பிறையில் முலாம் பூசும் தொழிற்சாலை ஒன்றில் கழிவுநீர்ப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. நிக்கலும் தாமிரமும் குரோமியமும் கலந்த கழுவுநீர் எங்கள் தொட்டிக்கு வந்து, சட்டம் சொல்லும் அளவுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் வாசலைத் தாண்ட வேண்டும். இறங்கவில்லை என்றால் முதல் போன் எனக்குத்தான் வரும். இந்த மடலைப் புகார் என்று ஒதுக்கிவிடாதீர்கள், பாதிதான் புகார். மீதிப் பாதி, நீங்கள் எங்களுக்கு வேண்டும் என்கிற சுயநலம்.

உங்கள் கட்டுரைகளில் இலவசமாகக் கிடைப்பவற்றை இரவு ஷிப்டில் உட்கார்ந்து படிப்பவன் நான். செம்பனை ஓட்டைக் கரியாக்கி அதில் இரும்பு ஆக்சைடை ஏற்றியது, இறால் ஓட்டிலிருந்து எடுத்த கைட்டோசானை சியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தோடு குழைத்து மணிமணியாக உருட்டியது, நெல் உமிச் சாம்பலின் சிலிக்காவில் அமீன் என்ற நைட்ரஜன் தொகுதியை ஒட்டியது, காந்தத்தைக் காட்டினால் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும் கிராஃபீன் ஆக்சைடு என்று எத்தனை விதம்! எல்லாமே நம் ஊரில் லோரி லோரியாகக் கொட்டிக்கிடக்கும் பொருள்களை வைத்து. முடிவுரையில் 95 விழுக்காடு, 98 விழுக்காடு, சிலவற்றில் 99. படிக்கிறபோது ஒரு மூட்டை கிடைக்காதா என்று கை பரபரக்கிறது. அப்புறம் செய்முறைப் பகுதிக்கு வந்ததும் அந்த உற்சாகம் இறங்கிவிடுகிறது.

ஏனென்றால் அங்கே இருப்பது காய்ச்சி வடித்த நீர். அதில் கரைத்த ஈய நைட்ரேட்டோ தாமிர சல்பேட்டோ, லிட்டருக்கு 100 மில்லிகிராம், சில கட்டுரைகளில் 500. வேறு உப்பு எதுவும் கிடையாது. பிஎச்சை, அதாவது அமில-கார அளவை, 5-இல் பிடித்து நிறுத்தி, கொஞ்சம் தூளைப் போட்டு, இரண்டு மணி நேரம் குலுக்கி, வடிகட்டி அளக்கிறீர்கள். நள்ளிரவில் காலியாகக் கிடக்கும் பினாங்குப் பாலத்தில் காரை ஓட்டிப் பார்த்துவிட்டு, சீனப் பெருநாள் சமயத்திலும் இதே நேரத்தில் தீவுக்குப் போய்ச் சேரலாம் என்று சொல்வது போல இருக்கிறது.

எங்கள் பக்கம் நடப்பதைச் சொல்கிறேன், உங்கள் பொருளுக்கு இதில் எங்கே இடம் என்பது அப்போதுதான் தெரியும். குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவமான ஆறு இணைதிறன் குரோமியம் வரும் தண்ணீரைத் தனியாகப் பிடித்து, அமிலம் விட்டு பிஎச்சை 2, 3 என்று இறக்கி, சோடியம் பைசல்பைட் போட்டு மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்றுகிறோம். பிறகு மற்றக் கழுவுநீரோடு சேர்த்து, சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ விட்டு பிஎச்சை ஏற்றினால் உலோகங்கள் ஹைட்ராக்சைடாகி வீழ்படியும், பாலிமர் சேர்த்தால் திரளும், தெளிவுத் தொட்டியில் அடியில் தங்கும், அந்தச் சேற்றை ஃபில்டர் பிரெஸ்ஸில் பிழிந்து கட்டியாக்கிப் பைகளில் அடைக்கிறோம். பழைய முறை, மலிவான முறை, லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் இருக்கும் உலோகத்தை ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவர இதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. இந்த இடத்தில் உங்கள் பொருள் எங்களுக்குத் தேவையே இல்லை, மன்னிக்கவும்.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. ஒவ்வொரு உலோகத்துக்கும் அது நன்றாக இறங்கும் பிஎச் வேறு. குரோமியத்துக்கு 8-ஐ ஒட்டி, தாமிரத்துக்கு அதற்குச் சற்று மேலே, நிக்கலுக்கு 10-ஐத் தொட வேண்டும். வெளியே விடும் நீரோ பிஎச் 9-ஐத் தாண்டக் கூடாது, ஆகவே மறுபடி அமிலம் விட வேண்டும். இதையாவது சமாளித்துவிடலாம். மின்சாரம் இல்லாமல் நிக்கல் பூசும் குளியலிலிருந்து வரும் கழுவுநீர் இருக்கிறதே, அதில் சிட்ரேட்டும் அம்மோனியாவும் நிக்கலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, காரத்தை எவ்வளவு கொட்டினாலும் கீழே இறங்க விடாது. பாயான் லெப்பாஸ் பக்கம் மின்சுற்றுப் பலகை செய்கிற இடங்களில் அம்மோனியா கலந்த தாமிரத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கும் இதே தலைவலிதான்.

சட்டம் கேட்பது என்ன? 2009-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறைகளின்படி, குடிநீருக்காக ஆற்றில் நீரெடுக்கும் இடத்துக்கு மேற்புறத்தில் தொழிற்சாலை இருந்தால் ஏ தரம், மற்ற இடங்களுக்கு பி தரம். நிக்கலும் தாமிரமும் ஏ தரத்தில் லிட்டருக்கு 0.20 மில்லிகிராம், பி தரத்தில் 1.0. ஈயம் 0.10, 0.5. காட்மியம் 0.01, 0.02. பாதரசம் 0.005, 0.05. ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு மட்டும் சலுகை கிடையாது, இரண்டிலும் 0.05தான். நல்ல தண்ணீரைக் கலந்து நீர்த்துப்போகச் செய்து தப்பிக்கவும் முடியாது, அதுவும் குற்றம். 2024-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தைத் திருத்தி அபராதத்தின் உச்சவரம்பை 1 கோடி ரிங்கிட் வரை கொண்டுபோய்விட்டார்கள், அதனால் முன்பு காதில் வாங்காத முதலாளிகளும் இப்போது கேட்கிறார்கள்.

எனவே எங்களுக்குப் பிடிக்க வேண்டியது 100 மில்லிகிராமை அல்ல. கடைசியில் தொங்கிக்கொண்டிருக்கும் அந்த ஒன்றையும் இரண்டையும்தான். உலோகத்தைத் தன் மேற்பரப்பில் ஒட்டவைத்துப் பிடிக்கும் பொருள் இந்தக் கடைசிக் கட்டத்துக்கென்றே பிறந்தது. ஆனால் கட்டுரைகளின் சுருக்கத்தில் போட்டு மெச்சிக்கொள்ளும் எண், ஒரு கிராம் பொருள் அதிகபட்சம் எத்தனை மில்லிகிராம் உலோகத்தைப் பிடிக்கும் என்பது, அது நிறைந்து வழியும் நிலையில் அளந்தது. எங்கள் நிலையில் அந்த எண்ணுக்கு ஏறக்குறைய அர்த்தமே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், இதில் வரும் எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. நாளொன்றுக்கு 100 கன மீட்டர் நீர், அதில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் நிக்கல். ஆக நாளுக்கு 100 கிராம் நிக்கலைப் பிடிக்க வேண்டும். உங்கள் பொருளின் உச்சத் திறன் கிராமுக்கு 150 மில்லிகிராம் என்றால் நாளுக்கு முக்கால் கிலோ கூடத் தேவைப்படாது, மாதம் 20 கிலோவில் வேலை முடிந்தது. முதலாளி உடனே கையெழுத்துப் போடுவார். ஆனால் அதே அட்டவணையில் பக்கத்துக் கட்டத்தில் லாங்மியூர் மாறிலி என்று ஒன்று இருக்கும், உலோகம் குறைவாக இருக்கும்போதும் பொருள் அதை எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்று காட்டும் எண், அது 0.03 என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டையும் சமன்பாட்டில் போட்டு, லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற நிலையில் பார்த்தால் அந்தப் பொருள் பிடிப்பது கிராமுக்கு 4.4 மில்லிகிராம்தான். நாளுக்கு 23 கிலோ, மாதத்துக்கு 690 கிலோ. 34 மடங்கு வித்தியாசம்! இப்படிப்பட்ட இரண்டு எண்களும் உங்கள் அட்டவணையிலேயே இருக்கும், நான் பெருக்கி வகுத்ததைத் தவிர ஒன்றும் செய்யவில்லை, ஆனால் முடிவுரைக்கு வந்துசேர்வது 150 மட்டும். தயவுசெய்து அடுத்த கட்டுரையில் லிட்டருக்கு 1 மில்லிகிராமிலும் 0.2-லும் எவ்வளவு பிடிக்கிறது என்று ஒரு வரி போடுங்கள். அதற்காகப் புதிதாகக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

இன்னும் கால்சியத்தைப் பற்றிப் பேசவே இல்லை. சுண்ணாம்பு போட்ட தண்ணீரில் கால்சியம் நூற்றுக்கணக்கில் இருக்கும், சோடியமும் சல்பேட்டும் ஆயிரக்கணக்கில். ஒரு நிக்கல் அயனி வந்து உட்காருவதற்கு முன்னால் நூறு கால்சியம் அயனிகள் நாற்காலிக்குப் போட்டியிடுகின்றன. பழத்தோல், மரத்தூள், ஆல்ஜினேட் போலக் கார்பாக்சில் தொகுதியை மட்டும் நம்பியிருக்கும் பொருள்கள் கால்சியத்துக்கும் தாராளமாக இடம் கொடுத்துவிடும். கைட்டோசானின் அமீன் தொகுதி அப்படியில்லை, கால்சியத்தை அதிகம் கண்டுகொள்ளாது, தாமிரத்தை விடாது. கந்தகம் உள்ள தையோல் தொகுதியை ஒட்டினால் பாதரசத்தை அது பிடிக்கும் பிடி தனி. இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கலப்புப் பொருள் என்பதன் பயனே இங்கேதான் இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்: கைட்டோசான் தனியாக இருந்தால் மென்மையானது, ஊதிப்போகும், அமிலத்தில் கரையும்; சியோலைட்டோ கரியோ சிலிக்காவோ முதுகெலும்பு கொடுத்தால் நிற்கும்; இரும்பு ஆக்சைடு சேர்ந்தால் ஆர்செனிக்கையும் பிடிக்கும். எந்த உலோகத்தை எந்தப் போட்டிக்கு நடுவே பிடிக்கப் போகிறோம் என்று முதலில் முடிவுசெய்துவிட்டு அதற்கேற்பக் கலந்தால் பிரமாதம். கையில் கிடைத்த இரண்டைக் கலந்துவிட்டுப் பிறகு உலோகத்தைத் தேடுகிற மாதிரியான கட்டுரைகள்தான் எனக்குப் புரிவதில்லை.

இரண்டு சந்தேகங்கள், கோபப்படாமல் கேளுங்கள். லிட்டருக்கு 100 மில்லிகிராம் தாமிரம் இருக்கும் நீரில் பிஎச் 6-ஐ நெருங்கினாலே தாமிரம் தானாக நீலக் கசடாக இறங்கத் தொடங்கிவிடும், உங்கள் தூள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அப்படியிருக்க பிஎச் 7-இல் 99 விழுக்காடு நீக்கம் என்று வரைபடம் போட்டால், அதில் எவ்வளவு தூளின் சாதனை, எவ்வளவு காரத்தின் சாதனை? தூளே போடாமல் இன்னொரு குடுவையை அருகில் வைத்து அளந்த எண்ணையும் காட்டினால் சந்தேகம் தீர்ந்துவிடும், பல கட்டுரைகளில் அதைக் காணோம். இரண்டாவது, குரோமியம். ஆறு இணைதிறன் குரோமியத்தைத் தாவரக் கழிவில் செய்த பொருளால் பிஎச் 2-இல் நீக்கியதாக எழுதுகிறீர்கள், டைஃபீனைல்கார்பசைடு போட்டு இளஞ்சிவப்பு நிறத்தை வைத்து அளக்கிறீர்கள். அந்த நிறம் ஆறு இணைதிறனுக்கு மட்டுமே வரும். அமிலத்தில் தாவரப் பொருள் அதை மூன்று இணைதிறனாகக் குறைத்து அப்படியே தண்ணீரில் விட்டுவைத்திருந்தாலும் நிறம் போய்விடும், உலோகம் போகாது. மொத்தக் குரோமியத்தையும் அணு உறிஞ்சல் கருவியில் அளந்தீர்களா என்பதைத்தான் நான் முதலில் தேடுகிறேன்.

அடுத்தது தூள் விஷயம். நானோ தூள் பரப்பளவு அதிகம், வேகம் அதிகம், எல்லாம் சரி. எங்களிடம் இருப்பது குழாயும் பம்பும் வடிகட்டிக் கலனும். அவ்வளவு நுண்ணிய தூளைக் கலனில் நிரப்பினால் தண்ணீர் இறங்காது, பம்பு திணறும். கலக்கிவிட்டுக் காந்தத்தால் இழுக்கலாம் என்றால் 100 கன மீட்டருக்கு எவ்வளவு பெரிய காந்தம், தப்பித்துப் போகும் துகள் எங்கே போய்ச் சேரும் என்பதற்கும் பதில் வேண்டும். காந்தத்துக்கு ஒட்டும் இரும்பு ஆக்சைடான மேக்னடைட்டிலிருந்து அமிலத்தில் இரும்பு கரைந்து வரும், அதற்கும் வரம்பு உண்டு, ஏ தரத்தில் 1.0, பி தரத்தில் 5.0. பதப்படுத்தாத தாவரக் கழிவு தன் சாயத்தையும் கரிமப் பொருளையும் தண்ணீரில் கக்கும், உலோகம் இறங்கி சிஓடி (கரிம மாசைக் காட்டும் வேதி ஆக்சிஜன் தேவை) ஏறினால் ஒரு வழக்குக்குப் பதில் இன்னொரு வழக்கு. எனவே அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் அளவில் மணியாக்கி, ஒரு கண்ணாடிக் குழாயில் நிரப்பி, தண்ணீரை மேலிருந்து விட்டுக்கொண்டே இருந்து, எத்தனையாவது லிட்டரில் உலோகம் மறுமுனையில் எட்டிப்பார்க்கிறது என்ற வரைபடத்தைக் கொடுங்கள். எங்களைப் போன்றவர்கள் பார்த்ததும் புரிந்துகொள்ளும் வரைபடம் அது ஒன்றுதான்.

சரி, பொருள் நிரம்பிவிட்டது. பிறகு? "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்ற சொற்றொடர் எல்லாக் கட்டுரைகளிலும் வருகிறது. நிக்கல் ஏறிய இறால் ஓடு அதற்குப் பிறகு இறால் ஓடு அல்ல, அட்டவணைக் கழிவு, அதாவது சட்டம் அபாயகரமானது என்று பட்டியலிட்ட கழிவு. எங்கள் உலோகச் சேற்றுக்கு எஸ்டபிள்யூ 204 என்று குறியீடு, பயன்படுத்திய கரிக்கு எஸ்டபிள்யூ 411. 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது, உரிமம் பெற்ற லோரியில் உரிமம் பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும், அதற்கு எடைக் கணக்கில் காசு. மாதம் 690 கிலோ என்று மேலே சொன்னேனே, அது வாங்கும் செலவு மட்டுமல்ல, ஈரத்தோடு சேர்ந்து இன்னும் கனமாகத் தூக்கிப்போடும் செலவும்தான். அமிலத்தில் கழுவி மறுபடி பயன்படுத்தலாம் என்கிறீர்கள், ஐந்து சுற்றுக்குப் பிறகும் 85 விழுக்காடு என்று ஒரு தூண் வரைபடம் போடுகிறீர்கள். கைட்டோசான் அமிலத்தில் கரையாமலிருக்க குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளால் அதன் இழைகளைக் குறுக்கே கட்டினால், உலோகம் பிடிக்க வேண்டிய அமீன் தொகுதிகளில் ஒரு பங்கு அந்தக் கட்டுக்கே செலவாகிவிடும், அந்த இழப்பையும் கணக்கில் காட்டுங்கள். கழுவிய அமிலத்தில் சேர்ந்த நிக்கலை என்ன செய்யலாம் என்பதையும் எழுதுங்கள். அது போதுமான செறிவில் இருந்தால் மின்பகுப்பில் நிக்கல் தகடாகவே திரும்ப எடுக்கலாம், அப்போது எங்கள் முதலாளி உங்களைத் தேடிக்கொண்டு வருவார்.

தமிழ்ப்பள்ளி அறிவியல் விழாக்களில் பிள்ளைகள் வாழைப்பழத் தோலைக் காயவைத்து அரைத்துக் கலங்கல் தண்ணீரில் போட்டுக் காட்டுவதைப் பார்க்கிறபோது எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கும். பன்னிரண்டு வயதில் அது அருமையான தொடக்கம். முனைவர் பட்டமும் அதே குடுவையிலேயே நின்றுவிட்டால்தான் மனசு கேட்கவில்லை.

இது முடியாத காரியமா என்றால் இல்லை, செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். வங்காளதேசத்தில் பிறந்து அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியரான அபுல் ஹுசாம், கிணற்று நீரில் ஆர்செனிக் இருந்த தம் ஊர்ப்பக்கத்து மக்களுக்காக இரும்பைக் கொண்டு ஒரு கலப்புப் பொருள் செய்து, அதை மணலோடும் கரியோடும் செங்கல் துண்டோடும் வாளிகளில் அடுக்கி சோனோ வடிகட்டியை உருவாக்கினார். 2007-இல் அதற்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் கிரெய்ஞ்சர் பரிசு கிடைத்தது. சென்னை ஐஐடியில் பிரதீப்பின் குழு, இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடின் நானோ துகள்களைக் கைட்டோசானுக்குள் சிறைவைத்து, தூளாக அலையவிடாமல் மணியாக்கி, ஆர்செனிக் நீக்கும் வடிகட்டியாக இந்தியக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. 2020-இல் பிரதீப்புக்கு பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள். இருவருமே மக்கள் குடிக்கிற தண்ணீரை எதிரில் வைத்துக்கொண்டு வேலைசெய்தவர்கள். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஆர்செனிக் இருக்கவில்லை, ஒரு மில்லிகிராமின் பின்னங்களில்தான் இருந்தது, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 0.01-க்கு அதை இறக்க வேண்டியிருந்தது. இரும்பு ஆக்சைடு ஆர்செனிக்கோடு நேரடியாக வேதிப் பிணைப்பே போட்டுக்கொள்வதால் சுற்றியிருக்கும் குளோரைடும் சல்பேட்டும் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை, பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும்தான் போட்டிக்கு வந்தன. உச்சத் திறனை மட்டும் துரத்தியிருந்தால் அவர்கள் இங்கே வந்து சேர்ந்திருக்க முடியாது. நிக்கலுக்கும் தாமிரத்துக்கும் அப்படி ஒன்று நம் பினாங்கிலிருந்து ஏன் வரக் கூடாது?

நம் ஊருக்கு இதில் கூடுதல் கடமை உண்டு. 1970-களில் பிறைத் தொழிற்பேட்டையின் கழிவு ஜூரு ஆற்றில் இறங்கி, கோலா ஜூரு மீனவர்களின் வயிற்றில் அடித்தது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அவர்களுக்காகக் குரல் கொடுத்தது இந்த நாட்டின் சுற்றுச்சூழல் வரலாற்றில் முதல் அத்தியாயங்களில் ஒன்று. சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-இல் வந்தது. அதற்கப்புறமும் ஜூரு ஆறு அசுத்தமான ஆறுகளின் பட்டியலில் அடிக்கடி அடிபட்ட பெயர்தான். பன்றிப் பண்ணைக் கழிவோ வீட்டுச் சாக்கடையோ காலப்போக்கில் சிதைந்து போகும். உலோகம் சிதையாது. கழிமுகச் சேற்றில் தங்கும், சேற்றை வடிகட்டித் தின்னும் கெராங் சிப்பியின் உடம்பில் ஏறும், அங்கிருந்து சார் குவே தியாவ் நூடுல்ஸ் தட்டுக்கு வரும். (நான் இன்னும் சாப்பிடுகிறேன், எங்கே பிடித்தது என்று கேட்டுவிட்டு.) ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், காட்மியம் சிறுநீரகத்தில் பல ஆண்டுகள் உட்கார்ந்துகொள்ளும். ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில் காட்மியம் கலந்த நீரில் விளைந்த அரிசியைத் தின்றவர்களின் எலும்புகள் தொட்டால் முறியும் அளவுக்குப் போயின. லிட்டருக்கு 0.02 என்று சட்டத்தில் இருப்பதை வெறும் தாள் வேலை என்று நினைக்கும் எங்கள் ஆட்களிடம் நான் சொல்லும் கதை அதுதான்.

உங்கள் பக்கத்துச் சிரமமும் எனக்குத் தெரியாமலில்லை. உதவித்தொகை இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடும், அதற்குள் கட்டுரை வர வேண்டும், காய்ச்சி வடித்த நீரில் வரைபடம் அழகாக வரும், கழிவுநீரில் வராது. தொழிற்சாலை வாசலில் வந்து ஒரு பாட்டில் தண்ணீர் கேட்டால் காவலாளியே திருப்பி அனுப்புவார். உங்கள் பாட்டிலில் வரம்பு மீறிய எண் வந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் எங்கள் மேலாளர்கள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இந்த இடத்தில் சுற்றுச்சூழல் துறையும் மாநில அரசும் ஒரு காரியம் செய்யலாம்: சுத்திகரிப்புக்கு முந்தைய நீரை ஆய்வுக்குக் கொடுக்கிற தொழிற்சாலைமீது அந்த மாதிரியின் எண்ணை வைத்து நடவடிக்கை எடுக்கமாட்டோம் என்று எழுத்தில் கொடுக்கலாம். சுத்திகரித்த பிறகு வெளியே போகும் நீரில் சலுகையே வேண்டாம், அங்கே பிடித்தால் பிடிக்கட்டும். பத்துப் பேர் வேலைசெய்யும் சின்ன முலாம் பட்டறைகளுக்குச் சொந்தமாக இப்படி ஒரு கடைசிக் கட்டக் கலன் வைத்து, அதைக் கழுவி, கழிவை அனுப்பிக் கட்டுப்படியாகாது. கலனை மட்டும் அவர்களிடம் வைத்துவிட்டு, நிரம்பியதும் எடுத்துப்போய் ஒரே இடத்தில் கழுவி, நிக்கலை மீட்டு, திரும்பக் கொண்டுவந்து வைக்கிற பொது ஏற்பாடு இருந்தால் உங்கள் பொருளுக்கு முதல் வாடிக்கையாளர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

என் மேலாளரிடம் பேசிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். தொழிற்சாலையின் பெயர் கட்டுரையில் வரக் கூடாது, அது ஒன்றுதான் அவருடைய நிபந்தனை. தெளிவுத் தொட்டியைத் தாண்டி வரும் நீரைத் தருகிறோம், சிட்ரேட்டோடு, சுண்ணாம்போடு, எல்லா அழுக்கோடும். பிஎச், கடத்துதிறன், கால்சியம், சிஓடி, ஒவ்வொரு உலோகத்தின் அளவும் அன்றைய பதிவேட்டிலிருந்து சேர்த்தே தருகிறோம். உங்கள் குழாயை வைக்க வடிகட்டிக் கலனுக்குப் பக்கத்தில் இடமும் ஒரு மின்சாரப் பிளக்கும் இருக்கின்றன, வார இறுதியில் ஓடுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வருகிறவர்கள் இரண்டு வகைப் பாட்டில் கொண்டுவாருங்கள், இரண்டும் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். உலோகத்தை அளப்பதற்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச்சை 2-க்குக் கீழே இறக்கிவிடலாம். உங்கள் பொருளைச் சோதிப்பதற்கான தண்ணீரில் அமிலம் விடாதீர்கள், விட்டால் அது எங்கள் தண்ணீராக இருக்காது. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சோதனையைத் தொடங்கிவிடுங்கள். திங்கட்கிழமை காலையில் முலாம் பூசும் தொட்டிகளைக் கழுவிவிடுவார்கள், அன்றைக்கு வரும் தண்ணீர்தான் இருப்பதிலேயே மோசம், அதனால் திங்களன்றே வாருங்கள். பாதுகாப்புக் காலணி கட்டாயம், கண்ணாடி நாங்கள் தருவோம்.

இப்படிக்கு,
பிறையிலிருந்து ஒரு கழிவுநீர்ப் பிரிவு ஊழியர்